பேச்சா, திட்டமா: ஊர் கிளப்புக்கு எந்தக் கோச்?

குமரி மாவட்டக் கடலோர ஊர் ஒன்றிலிருந்து நான்கு பக்கக் கடிதம் ஒன்று வந்திருக்கிறது. எழுதியவருக்கு வயது 41. ஊர்க் கால்பந்து கிளப்பின் செயலாளர். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அடையாளம் தெரிந்துவிடக்கூடிய சில விவரங்களை நானும் மாற்றியிருக்கிறேன்.

கடிதத்தின் சுருக்கம் இது. மூன்று வருடமாக அந்தக் கிளப் பெரிய டோர்னமெண்ட்களில் அரையிறுதி, இறுதிவரை போய்த் தோற்று வருகிறது. பழைய கோச் வேலை கிடைத்து வளைகுடா நாட்டுக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு இப்போது இரண்டு பேர். ஒருவர் 52 வயது முன்னாள் வீரர், அரசுத் துறை அணி ஒன்றுக்கு ஆடியவர். அவர் பேச ஆரம்பித்தால் பையன்களுக்குப் புல்லரிக்கும். இன்னொருவருக்கு 29 வயது. முழங்கால் காயத்தால் சின்ன வயதிலேயே ஆட்டத்தை நிறுத்தியவர். அகில இந்திய கால்பந்து சம்மேளனம் கோச்சுகளுக்குத் தரும் டி லைசென்ஸ் என்ற சான்றிதழ் முடித்திருக்கிறார். ஆட்டங்களை போனில் படம்பிடித்து, எதிரணி எந்தப் பக்கம் பலவீனம் என்று நோட்டில் குறித்து வைப்பவர். நாலு பேர் முன்னால் சேர்ந்தாற்போல் பேச அவருக்கு வராது.

இரவு வாசகசாலையில் உட்கார்ந்து இங்கிலீஷ் பிரீமியர் லீக் பார்க்கும் கூட்டம் இதில் இரண்டாகப் பிரிந்துவிட்டது. "ஃபெர்குசன் என்ன போர்டில் கோடு போட்டா ஜெயிச்சார்? பையன்களை உசுப்பிவிட்டார், ஜெயிச்சார்" என்கிறது மூத்தவர் பக்கம். "இது கார்டியோலா காலம், சத்தம் போட்டு ஜெயிக்க முடியாது" என்கிறது இளையவர் பக்கம். ஃபெர்குசன் மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பின் பழைய மேனேஜர், அதாவது தலைமைக் கோச். கார்டியோலா பார்சிலோனாவையும் மான்செஸ்டர் சிட்டியையும் ஆட்டத் திட்டத்தால் ஜெயிக்க வைத்தவர் என்று பெயர் வாங்கியவர். போன மாதக் கூட்டம் கைகலப்பு வரை போயிருக்கிறது. ஒரே தெருவைச் சேர்ந்த இரண்டு ஆட்டக்காரர்கள் இப்போது பேசிக்கொள்வதில்லை. செயலாளருக்குக் கூடுதலாக ஒரு சங்கடம்: மூத்தவர் அவருடைய சொந்த அக்காவின் கணவர்.

கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. போன வருடம் அணிக்கு உதவியாக இருந்தபோது, ஒரு தோல்விக்குப் பிறகு மூத்தவர் 16 வயதுப் பையன் ஒருவனை எல்லோர் முன்னாலும் அறைந்திருக்கிறார். பொதுக்குழுவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. "ஊக்கம் கொடுப்பவரா, ஆட்டத் திட்டம் தெரிந்தவரா, யார் நல்ல மேனேஜர்?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்பு நண்பருக்கு,

மனசைப் பற்றிய தொழில் என்னுடையது. அதனால் விளையாட்டு உளவியல் ஆலோசகரிடம் கேட்டால் "ஊக்கம்தான் முக்கியம்" என்று பதில் வரும் என எதிர்பார்த்திருப்பீர்கள். அணிகளோடு வேலை செய்யச் செய்ய எனக்கு உறுதிப்பட்டது வேறு. அடுத்த நொடி எங்கே நிற்க வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்த ஆட்டக்காரனிடம்தான் தைரியம் தங்குகிறது. அந்தத் தெளிவு பயிற்சியில் வருகிறது. நீங்கள் இரண்டாகப் பிரித்துக் கேட்டதை நான் சேர்த்துத்தான் பார்க்க முடியும். ஆனால் அதற்கு முன் உங்கள் வாசகசாலையில் அடிபடும் பெயர்களைப் பற்றிப் பேசிவிட வேண்டும். அந்தக் கதைகளில் பாதிதான் உங்கள் ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ஃபெர்குசன் பற்றி உங்களுக்குத் தெரிந்தது பாதி

1999 மே மாதம் பார்சிலோனாவில் நடந்த, ஐரோப்பாவின் முன்னணிக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தை நீங்களே உதாரணம் காட்டியிருக்கிறீர்கள். ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் 1-0 என முன்னால். ஹாஃப் டைமில் அலெக்ஸ் ஃபெர்குசன், தோற்றால் கோப்பைக்கு ஆறடி தூரத்தில் நடந்து போவீர்கள், ஆனால் தொட முடியாது என்ற பொருளில் பேசினார். கடைசியில் மான்செஸ்டர் யுனைடெட் 2-1 என ஜெயித்தது. பேச்சு ஜெயித்தது என்பது உங்கள் முடிவு.

அந்த ஆட்டத்தின் இரண்டாம் பாதியை முழுசாகப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். அந்தப் பேச்சுக்குப் பிறகும் முக்கால் மணி நேரம் யுனைடெட் கோல் போடவில்லை. பயர்ன் அடித்த பந்து ஒரு முறை போஸ்ட்டிலும் ஒரு முறை கிராஸ்பாரிலும் பட்டுத் திரும்பியது. 90 நிமிடம் முடிந்து நடுவர் சேர்த்துக் கொடுத்த சில நிமிடங்களில் விழுந்த இரண்டு கோலையும் போட்டவர்கள் ஷெரிங்காமும் சோல்ஸ்கயாரும். இரண்டு பேருமே அந்தப் பாதியில் மாற்று ஆட்டக்காரர்களாக இறக்கப்பட்டவர்கள். இரண்டும் பெக்காம் அடித்த கார்னரிலிருந்து வந்தவை. அந்தப் பேச்சில் பலன் இல்லை என்று நான் சொல்லவில்லை. 90ஆவது நிமிடம் வரை அவர்கள் துவண்டு போகாமல் இருந்ததில் அந்த மனிதருடைய பங்கு பெரிது. ஆனால் கோல் விழுந்த வழியில் யாரை, எப்போது, யாருக்குப் பதிலாக இறக்குவது என்ற கணக்கும் இருந்தது. அந்தக் கணக்குக்கு வாசகசாலையில் யாரும் கைதட்டுவதில்லை.

இன்னொன்று. 1986 முதல் 2013 வரை யுனைடெட்டில் இருந்து 13 லீக் பட்டம் வென்ற ஃபெர்குசன், அன்றாடப் பயிற்சியைப் பெரும்பாலும் உதவியாளர்கள் கையில் விட்டிருந்தார். பிரையன் கிட், ஸ்டீவ் மெக்ளாரன், கார்லோஸ் கெய்ரோஸ் என்று காலத்துக்குத் தகுந்த ஆட்களைக் கொண்டுவந்தார். ஐரோப்பிய ஆட்டங்களுக்கு வேறு மாதிரிக் கட்டுப்பாடு தேவைப்பட்டபோது கெய்ரோஸை அழைத்தார். 2008 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் பார்சிலோனாவை இரண்டு ஆட்டத்திலும் ஒரு கோலும் போடவிடாமல் நிறுத்தி, 1-0 என வெளியேற்றியதில் கெய்ரோஸின் தற்காப்பு ஏற்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. "ஃபெர்குசனுக்குத் திட்டம் தேவைப்படவில்லை" என்பது தவறு. திட்டத்துக்கு ஆள் தேடி வைத்துக்கொள்ளும் புத்தி அவருக்கு இருந்தது. உங்கள் அத்தானுக்கு அந்தப் புத்தி இருக்கிறதா என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் என்ற இங்கிலாந்துக் கிளப்பின் மேனேஜராக இருந்த பிரையன் க்ளஃப் கதையும் இப்படித்தான். ஃபாரஸ்ட் 1977இல்தான் அன்றைய மேல்நிலை லீக்கான முதல் டிவிஷனுக்கு ஏறியது. 1978இல் லீக் பட்டம், 1979, 1980 இரண்டு வருடமும் ஐரோப்பியக் கோப்பை (சாம்பியன்ஸ் லீக்கின் பழைய பெயர்). இன்று நினைத்தாலும் நம்ப முடியாத சாதனை. க்ளஃபின் நாக்கும் ஆளுமையும் பிரசித்தம். பக்கத்தில் உதவியாளர் பீட்டர் டெய்லர் இருந்தார் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆட்டக்காரர்களைக் கண்டுபிடிப்பதில் டெய்லரின் கண் அபாரமானது. 1974இல் டெய்லர் இல்லாமல் லீட்ஸ் யுனைடெட்டுக்குப் போன க்ளஃப் 44 நாளில் வெளியே வந்தார். 1982இல் டெய்லர் ஃபாரஸ்ட்டை விட்டு விலகிய பிறகு, க்ளஃப் அங்கே இன்னும் 11 வருடம் இருந்தும் லீக் பட்டமோ ஐரோப்பியக் கோப்பையோ மறுபடி வரவில்லை.

ஃபாரஸ்ட்டின் ஜான் ராபர்ட்சன் என்ற ஆட்டக்காரரை நினைத்துப் பாருங்கள். நடுக்களத்தில் சோம்பலாக, உடம்பு போட்டுத் திரிந்தவர் என்று எல்லோரும் கைவிட்ட ஆள். அவரை இடது விங்குக்கு மாற்றினார்கள். 1979 இறுதியில் கோலுக்கான பந்தைத் தூக்கிக் கொடுத்தவர் அவர். 1980 இறுதியில் கோல் போட்டவரும் அவரே. அவரை நிமிர வைத்ததில் க்ளஃபின் சொல்லுக்கு எவ்வளவு பங்கு, இடம் மாற்றியதற்கு எவ்வளவு பங்கு என்று யாராவது பிரித்துக் காட்டட்டும், பார்க்கலாம்.

திட்டம் மட்டும் போதும் என்பவர்களுக்கு

இளையவர் பக்கம் பேசுகிறவர்களுக்கும் ஒரு கதை சொல்ல வேண்டும். ஆந்த்ரே வில்லாஸ்-போவாஸ் 2010-11 சீசனில் போர்ட்டோவோடு ஒரு தோல்வி கூட இல்லாமல் போர்த்துகல் லீக் பட்டம் வென்றவர், அதே சீசனில் ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கோப்பையான யூரோப்பா லீக்கும் வென்றவர். 33 வயதில் லண்டனின் செல்ஸிக்கு மேனேஜராக வந்தார். ஆட்ட அறிவில் அவரைக் குறை சொல்ல முடியாது. தற்காப்பு வரிசையைத் தன் கோலிலிருந்து தள்ளி, மேலே ஏற்றி ஆட வைத்தார். மூத்த ஆட்டக்காரர்கள் அந்த ஆட்டத்துக்கு ஒத்துவரவில்லை, அவர்களோடு அவருக்கு உறவும் கெட்டது. 2012 பிப்ரவரியில் நாபொலி போய் ஆடிய ஆட்டத்தில் மூத்த ஆட்டக்காரர்களான லாம்பார்டையும் ஆஷ்லி கோலையும் பெஞ்சில் உட்கார வைத்தார். 3-1 தோல்வி. மார்ச் தொடக்கத்தில் அவர் வேலை போனது.

அவருடைய உதவியாளர் ராபர்ட்டோ டி மத்தேயோ பொறுப்பேற்றார். மூத்தவர்களை மறுபடி உள்ளே கொண்டுவந்தார். தற்காப்பு வரிசையைக் கீழே இறக்கினார். மே மாதம் மியூனிக்கில், பயர்ன் அணியின் சொந்த மைதானத்திலேயே, செல்ஸி சாம்பியன்ஸ் லீக் வென்றது. ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் அதே ஆட்கள். இதைப் பார்த்து "பாருங்கள், மனசுதான் ஜெயித்தது" என்று மூத்தவர் பக்கம் துள்ளக் கூடாது. தற்காப்பைக் கீழே இறக்கியது சுத்தமான ஆட்டத் திட்டம். அதே டி மத்தேயோவை அந்த வருடம் நவம்பரிலேயே கிளப் அனுப்பிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கார்டியோலாவுக்குக் கணக்கு மட்டும்தான் தெரியும் என்பதும் சரியில்லை. பார்சிலோனாவின் மேனேஜராக, 2009இல் ரோமில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்துக்கு முன் தன் ஆட்டக்காரர்களுக்கு உணர்ச்சியைத் தூண்டும் காணொளி ஒன்றைத் தயாரித்துப் போட்டுக் காட்டியவர் அவர். அதே ஆட்டத்தில் மெஸ்ஸியை நடுவில் ஆட வைத்துத் திட்டத்தையும் மாற்றினார். லிவர்பூலின் மேனேஜராக இருந்த கிளாப் எல்லோரையும் கட்டிப்பிடிப்பவர் என்றுதான் நம் ஆட்களுக்குத் தெரியும். பக்கக் கோட்டைத் தாண்டிய பந்தைக் கையால் எறியும் த்ரோ-இன் சொல்லித்தருவதற்கென்றே தனியாக ஒரு கோச்சை 2018இல் லிவர்பூலுக்குக் கூட்டிவந்தவரும் அவரே.

தைரியம் எங்கிருந்து வருகிறது?

இனி என் துறைக்கு வருகிறேன். "என்னால் முடியும்" என்ற நம்பிக்கை ஒருவனுக்கு எப்படி உண்டாகிறது என்பதை ஆல்பர்ட் பாண்டுரா என்ற உளவியலாளர் 1977இல் விளக்கினார். அவர் நான்கு ஊற்றுகளைக் குறிப்பிட்டார். தானே செய்து ஜெயித்த அனுபவம், தன்னைப் போன்ற இன்னொருவன் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்க வார்த்தை, உடம்பும் மனசும் அந்த நேரத்தில் இருக்கும் நிலை. இதில் மிக வலுவானது முதலாவது. வார்த்தைக்கு இடம் உண்டு, ஆனால் அனுபவம் பின்னால் நிற்காவிட்டால் வார்த்தையின் பலன் சீக்கிரம் கரைந்துவிடும். உங்கள் அத்தான் பேசி முடித்த முதல் 20 நிமிடம் பையன்கள் பறக்கிறார்கள், அப்புறம் பழையபடி ஆகிவிடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அது இதுதான்.

இத்தாலியக் கோச் அர்ரிகோ சாக்கி செய்ததை இங்கே சொல்ல வேண்டும். தொழில்முறைக் கால்பந்தே ஆடாதவர், செருப்பு வியாபாரத்தில் இருந்தவர். ஏசி மிலான் போன்ற கிளப்புக்கு வந்து, ருட் குல்லிட், வான் பாஸ்டன் போன்ற நட்சத்திரங்களை நம்ப வைக்க வேண்டியிருந்தது. பயிற்சியில் ஒரு கோல்கீப்பர், நான்கு டிஃபெண்டர், மொத்தம் ஐந்து பேரை ஒரு பக்கம் நிறுத்தினார். எதிரே நட்சத்திரங்கள் உட்பட பத்துப் பேர். கால் மணி நேரத்தில் கோல் போடுங்கள் என்றார். ஒழுங்காக அணிவகுத்து நின்ற அந்த ஐவரைத் தாண்டிப் பத்துப் பேராலும் கோல் போட முடியவில்லை. அதற்குப் பிறகு அவர் சொற்பொழிவு ஆற்ற வேண்டிய தேவை இருந்திருக்குமா? மிலான் 1989லும் 1990லும் ஐரோப்பியக் கோப்பை வென்றது. திட்டம் பலிப்பதைக் கண்ணால் கண்டபோது பிறந்த நம்பிக்கை அது. உங்கள் இளையவரிடம் இருக்கும் சொத்தும் இதுவே. பேச வராவிட்டால் பரவாயில்லை, செய்து காட்ட வைக்கச் சொல்லுங்கள்.

"பெரிய ஆட்டம் ஆடாதவன் எப்படிச் சொல்லிக்கொடுப்பான்" என்ற உங்கள் மூத்த உறுப்பினர்களின் கேள்விக்கும் சாக்கியே பதில். போர்த்துகல் கோச் ஜோசே மொரின்யோவும் இங்கிலாந்துக் கோச் பாபி ராப்சனுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்து மேலே வந்தவர்தான். 2010இல் இண்டர் மிலானை ஐரோப்பியச் சாம்பியன் ஆக்கிவிட்டு அவர் விடைபெற்ற இரவில், மாத்தராட்சி போன்ற முரட்டு டிஃபெண்டர் அவரைக் கட்டிப்பிடித்து அழுததை உலகமே பார்த்தது. திட்டத்தால் ஜெயிக்க வைத்தவர் மீதும் ஆட்டக்காரனுக்கு அப்படி ஒரு பாசம் வரும்.

உசுப்பிவிடுவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. மனக்கிளர்ச்சி ஓரளவு வரை திறமையைக் கூட்டும், அந்த அளவைத் தாண்டினால் குறைக்கும். நுட்பமான வேலைக்கு அந்த எல்லை இன்னும் சீக்கிரம் வந்துவிடும். 1908லேயே யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் செய்த ஆய்விலிருந்து வளர்ந்த கருத்து இது. பந்தைத் துரத்திப் பிடுங்க வேண்டியவனுக்கு உசுப்பல் உதவலாம். பெனால்டி அடிக்கப் போகிறவனுக்கும் கடைசி டிஃபெண்டருக்கும் அது கெடுதலாக முடியலாம். எல்லோரையும் ஒரே கத்தலில் உசுப்பும் கோச்சின் அணியில் தேவையில்லாத மஞ்சள் அட்டைகள் விழுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மனசு விட்டுப்போகிறதா, கால் விட்டுப்போகிறதா?

மூன்று வருடத் தோல்விகளில் பெரும்பாலும் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் கோல் வாங்கியிருக்கிறீர்கள். "பையன்களுக்கு மனசு விட்டுப்போகிறது" என்பது உங்கள் விளக்கம். அதே கடிதத்தில், அணியில் ஐந்தாறு பேர் கடலுக்குப் போகிறவர்கள், சில நாள் விடியற்காலையில்தான் கரையேறுகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டு வரியையும் சேர்த்து வைத்துப் படியுங்கள். ராத்திரி முழுக்க வலை இழுத்துவிட்டு மாலையில் ஆட வந்த பையன் 80ஆவது நிமிடத்தில் தன் ஆளை விட்டுவிட்டால், அது மனசின் குறையா? அவனை 60ஆவது நிமிடத்தில் வெளியே எடுக்காததை யார் கேட்பது?

இளையவரிடம் தோற்ற ஆட்டங்களின் வீடியோ இருக்கிறது. அந்தக் கோல்களை மட்டும் வெட்டி எடுத்து, பொதுக்குழுவுக்கு முன் இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் போட்டுக் காட்டுங்கள். கார்னரில் வந்தவை எத்தனை, களைத்துப்போன ஆளின் பக்கம் வந்தவை எத்தனை, பந்தை அநாவசியமாக இழந்ததால் வந்தவை எத்தனை என்று எண்ணுங்கள். இரண்டு பேரும் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். "இவனுக்கு உணர்ச்சியே இல்லை" என்று மட்டும் ஒருவர் சொன்னால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். "இவன் வரமாட்டான் என்று தெரிந்தும் நாமே அவனை அங்கே நிறுத்தினோம்" என்று ஒருவர் சொன்னால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2015-16இல் லெஸ்டர் சிட்டி இங்கிலீஷ் பிரீமியர் லீக் பட்டம் வென்றபோது ஊருக்கெல்லாம் தெரிந்த கதை, கோல் வாங்காமல் ஒரு ஆட்டம் முடித்தால் பீட்சா வாங்கித் தருகிறேன் என்று மேனேஜர் கிளாடியோ ரனியேரி சொன்னது. அழகான கதை, பையன்களோடு அவர் பழகிய விதத்தைக் காட்டுவது. அந்தப் பீட்சா கிடைப்பதற்குக் கொஞ்சம் முன்னால், செப்டம்பரில் ஆர்சனலிடம் 5-2 எனத் தோற்ற பிறகு, அவர் தற்காப்பு வரிசையின் இரண்டு ஓரத்திலும் ஆடும் ஃபுல் பேக்குகளை மாற்றியிருந்தார். சிம்ப்ஸனும் ஃபுக்ஸும் உள்ளே வந்தார்கள். அதை நினைவு வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்?

நம் நாட்டிலேயே ஒரு உதாரணம் இருக்கும்போது உங்கள் வாசகசாலையில் யாரும் அதை எடுக்கவில்லை என்பது எனக்கு வருத்தம். ஹைதராபாதைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் சையத் அப்துல் ரஹீம். 1951லும் 1962லும் ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குத் தங்கம் பெற்றுத் தந்த கோச். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் வந்த அணியும் அவருடையதே. 1962 ஜகார்த்தா இறுதியில் மைதானம் முழுக்க இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. எதிரணி தென்கொரியா. தலையில் தையல் போட்டிருந்த டிஃபெண்டர் ஜர்னைல் சிங்கை ரஹீம் அரையிறுதியிலேயே முன்களத்துக்கு மாற்றி ஆட வைத்தார். அவர் அரையிறுதியிலும் கோல் போட்டார், இறுதியிலும் போட்டார். இந்தியா 2-1 என ஜெயித்தது. இறுதிக்கு முன்னால் பையன்களிடம் தங்கத்தைப் பரிசாகக் கேட்டார் ரஹீம் என்று அந்த அணியின் வீரர்கள் பிறகு நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அடுத்த வருடமே அவர் புற்றுநோயில் இறந்துபோனார். அந்த மனிதரை ஊக்குவித்தவர் என்பீர்களா, திட்டக்காரர் என்பீர்களா?

அறைந்த விஷயம்

"அவர் உணர்ச்சிவசப்படுகிறவர், அதுதான் அவர் பலமும்" என்று நீங்கள் எழுதிய வரியை என்னால் ஏற்க முடியவில்லை. இந்தக் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்த இடம் அது. நீங்கள் கடைசியில் வைத்ததை நான் முதலில் வைப்பேன்.

அறை வாங்கிய பையன் அடுத்த ஆட்டத்தில் வேகமாக ஓடலாம். அவனைக் கூர்ந்து பாருங்கள். பந்து தன்னிடம் வராத இடமாகப் பார்த்து நிற்பான். ரிஸ்க் எடுக்க வேண்டிய பாஸை எடுக்க மாட்டான். தப்பு செய்யாமல் இருப்பது ஒன்றே அவன் குறிக்கோளாகிவிடும். ஊக்கம் என்று உங்கள் ஊர் நினைப்பது அவனுக்குள் பயமாகத்தான் வேலை செய்கிறது.

சட்டமும் இருக்கிறது. 18 வயது நிரம்பாத எவரும் சட்டத்தின் கண்ணில் குழந்தை. தன் பொறுப்பிலோ கட்டுப்பாட்டிலோ இருக்கும் குழந்தையை, அதற்குத் தேவையற்ற மன அல்லது உடல் வேதனை உண்டாகக்கூடிய விதத்தில் தாக்குவது 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 75ஆம் பிரிவின்படி குற்றம். மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்க அதில் இடம் இருக்கிறது. உங்கள் சம்பவத்துக்கு அது எந்த அளவு பொருந்தும் என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அது என் துறை இல்லை. ஆனால் பயிற்சி நேரத்தில் பையன்கள் யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கிறார்கள் என்று கேட்டால் விரல் கோச்சையும் கிளப்பையும்தான் காட்டும். நடந்தது தெரிந்தும் அவரையே கோச்சாகப் போட்டு, அது மறுபடி நடந்தால், தெரியாது என்று செயலாளராகிய நீங்கள் சொல்ல முடியாது.

இப்போது என்ன செய்யலாம்?

இரண்டு பேரையும் சமமாகப் போட்டுவிடலாமா என்ற யோசனை உங்களுக்கு வந்திருக்கும். கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் அதைத் தொட்டுவிட்டு விட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். 1998இல் லிவர்பூல் அதைச் செய்து பார்த்தது. ராய் எவன்ஸ், ஜெரார்ட் ஊலியே இருவரும் கூட்டு மேனேஜர்கள். ஜூலையில் தொடங்கியது நவம்பரில் எவன்ஸ் விலகியதோடு முடிந்தது. ஆட்டக்காரனுக்கு யார் சொல்வது கடைசி வார்த்தை என்று தெரியாவிட்டால், தனக்குச் சாதகமாகச் சொல்பவரிடம் போய் நிற்பான். க்ளஃபும் டெய்லரும் ஒத்துப்போனதற்குக் காரணம் யார் முதல், யார் இரண்டாவது என்பதில் சந்தேகம் இல்லாததுதான்.

நீங்கள் எழுதியதை வைத்து என் கருத்து: இளையவர் தலைமைக் கோச்சாக வரட்டும். யார் ஆடுவது, யாரை மாற்றுவது என்பதில் அவர் சொல்வதே முடிவு. உங்கள் அணியின் தோல்விகளைப் பார்த்தால் குறை ஏற்பாட்டில்தான் தெரிகிறது. பேச்சு வராத குறையை அணித்தலைவரோ மூத்த ஆட்டக்காரர் ஒருவரோ ஈடுகட்டலாம். கோல்களை எண்ணிப் பார்க்கும்போது என் ஊகம் தப்பு என்று தெரிந்தால் நீங்கள் மாற்றி முடிவெடுங்கள், எனக்கு வருத்தமில்லை.

உங்கள் அத்தானுக்கு இடம் உண்டு, ஆனால் நிபந்தனையோடு. அந்தப் பையனிடம், எந்தக் கூட்டத்தின் முன் அறைந்தாரோ அதே கூட்டத்தின் முன் அவர் வருத்தம் தெரிவிக்க வேண்டும். இனி யார் மீதும் கை வைப்பதில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஒத்துக்கொண்டால் ஆட்டத்துக்கு முன் பையன்களைத் தேற்றுவது, வீட்டுப் பிரச்சினையால் பயிற்சிக்கு வராத பையனைப் போய்ப் பார்த்துக் கூட்டிவருவது என்று அவருக்குப் பொருத்தமான வேலை ஏராளம். ஊரில் அவருக்கு இருக்கும் மரியாதை பெரிய பலம், அதை வீணாக்காதீர்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் அவர் இல்லாமல்தான் நடத்த வேண்டும். அக்கா வீட்டில் சில மாதம் முகம் சுளிப்பார்கள். அதைத் தாங்கித்தான் ஆக வேண்டும்.

பொதுக்குழுவில் நீங்கள் இந்த விஷயத்துக்குத் தலைமை ஏற்காதீர்கள், ஓட்டும் போடாதீர்கள். அவர் என் உறவினர், அதனால் ஒதுங்கிக்கொள்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கிளப் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானது என்றால், கோச்சை நியமிக்கும் அதிகாரம் நிர்வாகக் குழுவுக்கா பொதுக்குழுவுக்கா என்று துணை விதியை எடுத்துப் பாருங்கள். பிறகு வரும் சண்டையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

யார் வந்தாலும் ஒரு சீசன் முழுக்க விடுங்கள். புது ஆள் வந்ததும் சில ஆட்டங்களில் ஒரு வேகம் வரும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். 2018 டிசம்பரில் தற்காலிக மேனேஜராக யுனைடெட்டுக்கு வந்த அதே சோல்ஸ்கயார் 19 ஆட்டத்தில் 14ஐ வென்றார். அதைப் பார்த்து மார்ச்சில் நிரந்தரமாக்கினார்கள். அந்த சீசன் முடிவில் அணி ஆறாம் இடம்தான்.

பேசிக்கொள்ளாத அந்த இரண்டு பையன்களைப் பற்றி. ஃபெர்குசனுக்காக யாரும் பக்கத்து வீட்டுக்காரனோடு பேச்சை நிறுத்துவதில்லை. மூத்தவர் வந்தால் யார் ஆடுவான், இளையவர் வந்தால் யார் பெஞ்சில் உட்காருவான் என்ற பயம்தான் அடியில் இருக்கும். தனித்தனியாகக் கூப்பிட்டு அதை நேராகக் கேளுங்கள். அணித் தேர்வு எந்த அடிப்படையில் நடக்கும் என்று புதுக் கோச் முதல் வாரமே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டால் அந்தக் கோபம் இறங்க வழி உண்டு.

இதையெல்லாம் தொடங்கும் முன், இந்த வாரமே, அறை வாங்கிய பையனின் வீட்டுக்குப் போங்கள். உங்கள் அத்தானைக் கூட்டிப்போக வேண்டாம். அவனுடைய அப்பா அம்மாவிடம், நடந்தது தப்பு, கிளப் அதைத் தடுக்கவில்லை என்று சொல்லுங்கள். அவர்கள் புகார் கொடுக்க விரும்பினால் குறுக்கே நிற்காதீர்கள், சமாதானம் பேச ஊர்ப் பெரியவர்களையும் அனுப்பாதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098. அதை எழுதி, பையன்கள் உடை மாற்றும் அறையின் சுவரில் ஒட்டி வையுங்கள்.